புதைத்த அணுக்கழிவிலிருந்து கதிரியக்கம் பாறைக்குள் எவ்வளவு தூரம் போகும்: அளக்கும் முறையும் கணக்கும்

பாறைக்குள் ஆழமாகப் புதைத்த அணுக்கழிவு தானாக நகர்வதில்லை. அதைத் தூக்கிச் செல்வது நிலத்தடி நீர். முதலில் நீர் கொள்கலனைத் தொட வேண்டும், கொள்கலன் அரிக்கப்பட வேண்டும், கழிவு கரைய வேண்டும், கரைந்தது பாறையில் ஒட்டிக்கொள்ளாமல் தப்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி எந்தத் தனிமத்தைத் தடுக்கிறது என்று எண்களால் சொல்வதே வேலை. கீழே உள்ளவை ஒரு பாறைத் துண்டில் தொடங்கி, "இத்தனை ஆண்டுகள்" என்ற விடை வரை போகும் வழி. தனிமம் போகும் வழியைப் பின்தொடர நீரில் சேர்க்கும் கதிரியக்கத் தடங்காட்டிகளை உரிமம் பெற்ற ஆய்வகத்தில் மட்டுமே கையாள முடியும். அந்த வசதி இல்லாதவர்கள் அயோடினுக்குப் பதில் புரோமைடையும், சீசியம்-137க்குப் பதில் கதிரியக்கமில்லாத சீசியம் குளோரைடையும் வைத்து, ஐ.சி.பி. நிறை நிறமாலைமானியில் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) அளந்து பெரும்பாலான படிகளைச் செய்துவிடலாம்.

எந்த அணுவைத் தொடர்வது?

கழிவில் பல பத்து வகைக் கதிரியக்க அணுக்கள் உண்டு. எல்லாவற்றையும் அளக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு கரையும், எவ்வளவு ஒட்டும், எத்தனை காலம் உயிரோடு இருக்கும்.

சீசியம்-137க்கு அரைஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 30 ஆண்டுகள், ஸ்ட்ரான்சியம்-90க்கு ஏறத்தாழ 29. இரண்டும் நன்றாகக் கரைபவை. ஆனால் பத்து அரைஆயுள் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதாவது 300 ஆண்டுகள் கொள்கலன் தாங்கினால் இவற்றின் பெரும்பகுதி கணக்கிலிருந்து விலகிவிடும். புளூட்டோனியம்-239க்கு 24,100 ஆண்டுகள். பெயரைக் கேட்டாலே பயப்படும் தனிமம் இது, ஆனால் நிலத்தடி நீரில் மிகக் குறைவாகவே கரையும், கரைந்ததும் பாறையில் இறுக்கமாக ஒட்டும். உண்மையில் கவனத்தைக் கேட்பவை அமைதியாகப் பேசப்படும் வேறு சில: அயோடின்-129 (1.57 கோடி ஆண்டுகள்), குளோரின்-36 (ஏறத்தாழ 3 லட்சம்), டெக்னீசியம்-99 (2.1 லட்சம்), நெப்டியூனியம்-237 (21.4 லட்சம்). அயோடினும் குளோரினும் நீரில் எதிர்மின் அயனிகளாக இருக்கும். பாறைக் கனிமங்களின் பரப்பும் பெரும்பாலும் எதிர்மின் சுமை கொண்டது. ஆகவே அவை ஒட்டுவதே இல்லை எனலாம்.

டெக்னீசியம் இரண்டு முகம் கொண்டது. ஆக்சிஜன் உள்ள நீரில் அது பெர்டெக்னேட் என்ற எதிரயனியாகி நீரோடு நீராக ஓடும். ஆழத்தில், இரும்புக் கனிமங்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்த நீரில், நான்காம் ஆக்சிஜனேற்ற நிலைக்கு ஒடுங்கி, லிட்டருக்கு 10⁻⁸ மோல் அளவுக்கோ அதற்கும் கீழோதான் கரையும். ஒரே தனிமம், ஒரே பாறை, நீரின் வேதியியல் மட்டும் மாறினால் விடை தலைகீழ்.

வெளியே வரும் அளவு

பயன்படுத்திய யுரேனியம் ஆக்சைடு எரிபொருளின் மணிகள் ஆக்சிஜனற்ற ஒடுக்கச் சூழலில் ஆண்டுக்குக் கோடியில் ஒரு பங்கு என்ற வேகத்தில்தான் கரையும். பாதுகாப்புக் கணக்குகளில் 10⁻⁸ முதல் 10⁻⁶ வரை எடுப்பார்கள். இந்த ஒரே வேகத்தை எல்லா அணுக்களுக்கும் போட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. உலையில் சூடாக இருந்தபோதே அயோடின், சீசியம், குளோரின் ஆகியவற்றின் சில விழுக்காடு எரிபொருளுக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளியிலும் மணி எல்லைகளிலும் வந்து சேர்ந்திருக்கும். நீர் தொட்டதும் அந்தப் பங்கு உடனே வெளியேறும். அதைத் தனி வரியாக எழுதுங்கள்.

கரைதிறன் வரம்பை (நீரில் அதற்கு மேல் கரையாது என்ற உச்ச அளவை) போடும்போது அது தனிமம் முழுவதற்கும் சேர்த்துத்தான் என்பதை மறக்க வேண்டாம். ஒரு தனிமத்தின் ஐசோடோப்புகள் எல்லாம் அந்த ஒரே வரம்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முழு வரம்பைக் கொடுத்தால் விடை மிகையாகும்.

நீரும் பாறையும் தயாரித்தல்

பாறையை எடுத்த அதே துளையின் நீரை எடுங்கள். கிடைக்காவிட்டால் அதன் பகுப்பாய்வைப் பார்த்துச் செயற்கை நீர் கலக்குங்கள்: சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு, சல்ஃபேட், பைகார்பனேட். காய்ச்சி வடித்த நீரில் ஒட்டுதல் சோதனை செய்வது பொருளற்றது. ஸ்ட்ரான்சியம் கால்சியத்தோடு போட்டியிட்டுத்தான் கனிமத்தில் இடம் பிடிக்கிறது. உப்பு மிகுந்த நீரில் அது ஏறக்குறைய ஒட்டாமலே போகும், காய்ச்சி வடித்த நீரிலோ ஏமாற்றும் அளவுக்கு நன்றாக ஒட்டும். சீசியத்துக்குப் போட்டி பொட்டாசியமும் அம்மோனியமும். யுரேனியத்துக்குக் கார்பனேட்டும் கால்சியமும் சேர்ந்து கூட்டு அயனி அமைத்துப் பரப்பிலிருந்து இழுத்துவிடும்.

டெக்னீசியம், யுரேனியம், நெப்டியூனியம், செலினியம் ஆகியவற்றை அளப்பதானால் முழு வேலையும் ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டியில், ஆக்சிஜன் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும்போது நடக்க வேண்டும். பாறை உள்ளகத்தை (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) துளையிலிருந்து எடுத்த உடனே அலுமினியப் படலப் பையில் நைட்ரஜனோடு அடைத்துவிடுங்கள். காற்றில் விட்ட பாறையில் பைரைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலம் தரும், பி.எச். இறங்கும், பிறகு கிடைக்கும் எண் அந்த ஆழத்துப் பாறையின் எண்ணாக இருக்காது.

கார்பன் டை ஆக்சைடு இல்லாத பெட்டிக்கு ஒரு பக்க விளைவு உண்டு: நீரில் கரைந்துள்ள வாயு வெளியேறி பி.எச். ஏறும், கால்சைட் படியும். கார்பனேட் நீருக்குப் பெட்டி வாயுவில் தேவையான அளவு கார்பன் டை ஆக்சைடைக் கலந்துவையுங்கள்.

ஒட்டுதலை அளத்தல்

பாறையை நொறுக்கி 0.25–0.5 மி.மீ. துகளாகச் சலியுங்கள். கூடவே இதைவிடப் பெரிய ஓர் அளவும் சிறிய ஓர் அளவும் வேண்டும். ஏன் என்று பின்னால் வரும். தூசியைச் சோதனை நீராலேயே பலமுறை அலசி நீக்குங்கள். தூசி மிஞ்சினால் அதன் பரப்பே விடையை ஆளும்.

50 மி.லி. பாலிபுரொப்பிலீன் குழாயில் 2 கிராம் பாறை, 20 மி.லி. நீர். இரண்டு வாரம் வைத்து, இடையில் மூன்று நான்கு முறை நீரை மாற்றி, பி.எச்.சும் மின்கடத்துதிறனும் நிலைத்த பிறகே தடங்காட்டி சேர்க்க வேண்டும். தடங்காட்டிக் கரைசல்கள் வழக்கமாக அமிலத்தில் வரும். சில துளிகளே 20 மி.லி. நீரின் பி.எச்.சைக் கவிழ்த்துவிடும் என்பதால் முதலில் நடுநிலையாக்குங்கள், சேர்த்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். குழாய்களை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டும் கருவியில் வையுங்கள். வேகமாகக் குலுக்கினால் துகள்கள் உரசிப் புதிய பரப்பு உருவாகும்.

1, 7, 30, 90, 180 நாள்களில் மாதிரி எடுங்கள். மையவிலக்குக் கருவியில் சுழற்றித் தெளிந்த நீரை மட்டும் எடுத்து அதன் கதிரியக்கத்தை எண்ணுங்கள். வடிதாள் பயன்படுத்தினால் அதிலும் தனிமம் ஒட்டும், ஆகவே முதல் சில மி.லி. வடிநீரைக் கொட்டிவிடுங்கள். பாறை இல்லாத வெற்றுக் குழாய்கள் மூன்று கட்டாயம். அமெரீசியம், புளூட்டோனியம் போன்றவை குழாய்ச் சுவரில் ஒட்டும் அளவு சில நேரம் பாறையில் ஒட்டுவதற்கு இணையாக இருக்கும். சோதனை முடிந்ததும் குழாயைக் காலி செய்து நைட்ரிக் அமிலத்தால் கழுவி, சுவரில் இருந்ததையும் எண்ணிக் கணக்கை நேர்செய்யுங்கள்.

பகிர்வுக் கெழு (நீரோடு ஒப்பிடப் பாறை எவ்வளவு பிடித்துவைக்கிறது என்ற எண்) = (தொடக்கச் செறிவு − இறுதிச் செறிவு) ÷ இறுதிச் செறிவு × (நீரின் கன அளவு ÷ பாறையின் நிறை)

தொடக்கம் மி.லி.க்கு 1000 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஒரு சிதைவு), முடிவு 40 என்றால்: 960 ÷ 40 × 20 ÷ 2 = கிராமுக்கு 240 மி.லி. அதாவது கிலோவுக்கு 0.24 கன மீட்டர். முடிவு 990 என்று வந்தால்? கிராமுக்கு 0.1 மி.லி. என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு எண்ணிக்கையிலும் 1% பிழை இருந்தால் 10 என்ற வேறுபாட்டின் பிழையே 14. அயோடின் போன்ற ஒட்டாத தனிமங்களை இந்த முறையில் அளக்கவே முடியாது. அவற்றுக்கு விரவல் கலமே வழி: துளைநீரில் தனிமம் தானாகப் பரவுவதை அளக்கும் கலம், கீழே வருகிறது.

சிறிய துகளில் கெழு அதிகமாகவும் பெரிய துகளில் குறைவாகவும் வந்தால், நொறுக்கியதில் பிறந்த வெளிப்பரப்பு பேசுகிறது என்று பொருள். துகள் விட்டத்தின் தலைகீழியை எதிர்த்து வரைபடம் போட்டு, கோட்டைச் சுழிவரை நீட்டினால் கிடைக்கும் வெட்டுத்துண்டே நொறுங்காத பாறைக்கு நெருக்கமான எண். மூன்று துகள் அளவு கேட்டது இதற்காகத்தான். இந்தத் திருத்தம் இல்லாத கெழுக்கள் கிரானைட்டைப் பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கை தந்துவிடும். அந்தப் பக்கம் தவறுவதுதான் ஆபத்து.

சீசியத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. இல்லைட், பயோடைட் போன்ற அடுக்குக் கனிமங்களின் சிதைந்த ஓரங்களில் சீசியத்தை இறுகப் பிடிக்கும் இடங்கள் குறைவு. அவை நிரம்பிவிட்டால் கெழு சரியும். ஒரே செறிவில் அளந்து நிறுத்தாமல் லிட்டருக்கு 10⁻⁹ முதல் 10⁻³ மோல் வரை நான்கைந்து செறிவுகளில் அளங்கள்.

விரவலை அளத்தல்

பாறையை 50 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமனுள்ள வட்டாக அறுத்து, ஓரத்தை எபாக்சியால் ஒரு வளையத்தில் அடைத்து, இரு பக்கமும் நீர்த்தொட்டி வைக்க வேண்டும். கிரானைட்டின் மணிகள் 5 மி.மீ. பெரிதாக இருந்தால் 10 மி.மீ. வட்டில் குறுக்கு வழிகள் கிடைத்துவிடும். அப்போது தடிமனைக் கூட்டுங்கள். வட்டை வெற்றிடத்தில் வைத்து நீர் விட்டு, எடை நிலைக்கும்வரை ஊற வையுங்கள். சில வாரங்கள் ஆகலாம். கிரானைட்டை 105 பாகையில் உலர்த்தி, ஊறிய எடையோடு ஒப்பிட்டால் நுண்துளைமை கிடைக்கும். வழக்கமாக 0.1% முதல் 1% வரை. களிப்பாறையை ஒருபோதும் முதலில் உலர்த்தாதீர்கள், விரிசல் விட்டுவிடும். கலத்துக்குள் அழுத்திப் பிடித்தபடியே நனைத்து, சோதனை முடிந்த பிறகு உலர்த்துங்கள்.

ஒரு பக்கம் (இதுவே உயர்பக்கம்) டிரிட்டிய நீர், அதாவது கதிரியக்க ஹைட்ரஜன் கொண்ட நீர், மறுபக்கம் தடங்காட்டி இல்லாத அதே நீர். எவ்வளவு கதிரியக்கம் வேண்டும் என்பதை முன்பே கணக்கிடுங்கள். கிரானைட்டின் பயனுறு விரவல் கெழு (பாறை வழியே பரவும் வேகத்தின் அளவு) நொடிக்கு 10⁻¹³ சதுர மீட்டர் என்றும், உயர்பக்கம் மி.லி.க்கு 10,000 பெக்கரல் என்றும் கொண்டால், மேற்சொன்ன வட்டின் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 பெக்கரல் கடக்கும். 25 மி.லி. தொட்டியை வாரம் ஒருமுறை மாற்றினால் மி.லி.க்கு 5 பெக்கரல் அளவில் வரும், திரவ சிண்டிலேஷன் கவுண்டர் (கதிரியக்கத்தை ஒளிப்பொறிகளாக எண்ணும் கருவி) எளிதாக எண்ணும். உயர்பக்கத்தை 100 பெக்கரலில் தொடங்கினால் மாதக்கணக்கில் காத்திருந்தும் பின்னணி எண்ணிக்கையைத் தாண்ட முடியாது.

கடந்த மொத்த அளவைக் காலத்துக்கு எதிராக வரைந்தால், முதலில் வளைந்து பிறகு நேர்கோடாகும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து விரவல் கெழு. அது கால அச்சை வெட்டும் இடம் தாமத நேரம்: கொள்ளளவுக் காரணி × தடிமனின் வர்க்கம் ÷ (6 × விரவல் கெழு). கொள்ளளவுக் காரணி என்பது நுண்துளைமை + (உலர் அடர்த்தி × பகிர்வுக் கெழு). 0.5% நுண்துளைமை கொண்ட நம் வட்டில் டிரிட்டிய நீருக்குத் தாமதம் 9.6 நாள். அதற்கு வெகு முன்பே, முதல் நாளிலேயே எண்ணிக்கை வந்தால் ஓர எபாக்சி கசிகிறது. வட்டை மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

டிரிட்டியம் முடிந்ததும் அதே வட்டில் குளோரின்-36 அல்லது அயோடைடு. எதிர்மின் சுவர்கள் எதிரயனிகளைக் குறுகிய துளைகளிலிருந்து விரட்டும் என்பதால் இவற்றின் கெழு நீரின் கெழுவைவிடக் குறைவாக வரும். களிப்பாறையில் அவை அணுகக்கூடிய துளைமை மொத்தத்தில் பாதி அளவே.

சீசியத்துக்கு இந்த முறையை முயன்று காலத்தை வீணாக்க வேண்டாம். கிலோவுக்கு 0.05 கன மீட்டர் பகிர்வுக் கெழு இருந்தாலே கொள்ளளவுக் காரணி 135 ஆகி, அதே 10 மி.மீ. வட்டில் தாமதம் ஏறத்தாழ 700 ஆண்டுகள். அதற்குப் பதில் ஒரு முகத்தை மட்டும் தடங்காட்டி நீரில் ஓராண்டு வைத்து, பிறகு அந்த முகத்தை 10–50 மைக்ரான் அடுக்குகளாகத் தேய்த்தெடுத்து ஒவ்வொன்றையும் எண்ணுங்கள். ஓராண்டில் சீசியம் உள்ளே போகும் ஆழம் 0.2 மி.மீ. சுமார்தான்.

ஆய்வக வட்டு, நிலத்தடி அழுத்தத்திலிருந்து விடுபட்ட பாறை. மணி எல்லைகள் சற்றே திறந்திருக்கும், அறுத்த முகத்தில் நுண்விரிசல் இருக்கும். ஆகவே ஆய்வகக் கெழு நிலத்தடியில் உள்ளதைவிட உயர்ந்து வருவது இயல்பு. சுவிட்சர்லாந்தின் கிரிம்சல், மோன் தெர்ரி, சுவீடனின் எஸ்போ ஆகிய நிலத்தடி ஆய்வகங்களில் பாறையை அதன் இடத்திலேயே வைத்துத் தடங்காட்டி செலுத்திப் பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விடையாக மாற்றுதல்

களிப்பாறையில் கணக்கு எளிது, ஏனெனில் நீர் ஏறக்குறைய நகர்வதில்லை, விரவல் மட்டுமே நடக்கிறது. தோற்ற விரவல் கெழு = பயனுறு விரவல் கெழு ÷ கொள்ளளவுக் காரணி. காலம் = தூரத்தின் வர்க்கம் ÷ (2 × தோற்ற விரவல் கெழு). நுண்துளைமை 15%, உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 2300 கிலோ, டிரிட்டிய நீரின் கெழு 2×10⁻¹¹ என்று வையுங்கள். ஒரு மீட்டர் கடக்க நீருக்கு 120 ஆண்டுகள். பகிர்வுக் கெழு 0.24 உள்ள சீசியத்துக்கு 4.4 லட்சம் ஆண்டுகள். அதற்குள் சீசியம்-137 இருந்த தடமே இருக்காது.

இப்போது அயோடைடு. கெழு 4×10⁻¹², அணுகும் துளைமை 8%, களிப்பாறையின் தடிமன் 50 மீட்டர். கடக்க 8 லட்சம் ஆண்டுகள். பெரிதாகத் தெரிகிறது, ஆனால் அயோடின்-129 அதற்குள் 3.5% மட்டுமே சிதைந்திருக்கும். களிப்பாறை அயோடினை அழிப்பதில்லை. அது வெளியேறுவதைப் பல லட்சம் ஆண்டுகளுக்குப் பரப்பி, எந்த ஓர் ஆண்டிலும் வரும் அளவைச் சிறிதாக்குகிறது. அறிக்கையில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுத வேண்டும்.

கிரானைட்டில் நீர் பிளவுகளில் ஓடும். ஓடும்போதே கரைபொருள் பக்கச் சுவரின் நுண்துளைகளுக்குள் விரவிப் போய்வரும். இந்த உள்விரவல்தான் கிரானைட்டின் முதன்மைத் தடுப்பு. இங்கே முடிவு செய்வது நீரின் பயண நேரம் அல்ல. நீர் தொடும் பாறைப் பரப்பை நீரோட்டத்தால் வகுத்த எண்தான். அதன் அலகு ஆண்டு/மீட்டர். நல்ல பாறையில் 10⁴ முதல் 10⁶ வரை வரும். 10⁵ என்று எடுத்து நொடிக்கு மாற்றினால் 3.15×10¹². மேலே கிரானைட் வட்டுக்குக் கொண்ட எண்களையே வைத்து, இதை (விரவல் கெழு × கொள்ளளவுக் காரணி) என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, 0.954ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தினால், மாறாத செறிவில் செலுத்தும்போது வெளிமுனையில் பாதிச் செறிவு வரும் நேரம் நொடியில் கிடைக்கும். ஒட்டாத நீருக்கு 173 ஆண்டுகள், பகிர்வுக் கெழு 0.05 உள்ள சீசியத்துக்கு 47 லட்சம்.

இந்த 173 ஆண்டு விடைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கரைபொருள் சுவருக்குள் அரை மீட்டர் வரை போகிறது. அவ்வளவு ஆழத்துக்குத் துளைகள் தொடர்ந்து இணைந்துள்ளனவா என்று உள்ளகத்தில் சரிபார்க்காமல் அந்த எண்ணைத் தராதீர்கள்.

அதைவிடப் பெரிய பிழை பிளவு முழுதும் நனைகிறது என்று நினைப்பது. சுவீடனின் ஸ்திரிப்பா சுரங்கச் சோதனைகளில் நீர் பிளவின் சிறு பகுதிகளில், ஓடைகளாகவே வந்தது. நனையும் அகலம் பத்தில் ஒன்றானால் மேற்கண்ட எண்ணும் பத்தில் ஒன்றாகும், அது வர்க்கமாவதால் காலம் நூறில் ஒன்றாகும். 173 ஆண்டுகள் 1.7 ஆண்டாகச் சுருங்கும். களத்தில் இரு துளைகளுக்கிடையே தடங்காட்டி செலுத்தி வரும் செறிவு வளைவை இரு அச்சும் மடக்கையில் வரையுங்கள். வால் −3/2 சாய்வில் இறங்கினால் உள்விரவல் நடக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். சீக்கிரம் செங்குத்தாக விழுந்தால் சுவர் ஒத்துழைக்கவில்லை.

இயற்கையோடு ஒப்பிடுதல்

180 நாள் சோதனையிலிருந்து பத்து லட்சம் ஆண்டுக்குத் தாவுவதால், பழைய யுரேனியப் படிவுகளோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். காபோன் நாட்டின் ஓக்லோவில் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையிலேயே அணுப்பிளவு உலைகள் இயங்கியது 1972இல் தெரியவந்தது. யுரேனியம்-235 வழக்கமான 0.720%க்குப் பதில் 0.717% இருந்ததே துப்பு. அங்கே புளூட்டோனியமும் அருமண் தனிமங்களும் பெரும்பாலும் உருவான இடத்திலேயே தங்கின. அயோடின், சீசியம், மந்த வாயுக்கள் வெளியேறிவிட்டன. கனடாவின் சிகார் ஏரியில் 130 கோடி ஆண்டுப் பழைய வளமான தாது 430 மீட்டருக்குக் கீழே களிமண் உறையில் கிடந்தது, மேற்பரப்பில் அதற்கு அடையாளமே இருக்கவில்லை. உங்கள் கணக்கு, எது தங்கியது எது வெளியேறியது என்ற இந்த வரிசைக்கு எதிராகப் போனால் முதலில் உள்ளீட்டைச் சந்தேகியுங்கள்.

கூழ்மங்கள்

மேலே உள்ள எல்லாக் கணக்கும் தனிமம் கரைந்த நிலையில் போகிறது என்று கொண்டது. கூழ்மம் என்பது நீரில் மிதந்து செல்லும் மிக நுண்ணிய துகள், தனிமம் அதில் ஒட்டியும் போகலாம். அமெரிக்காவின் நெவாடா சோதனைத் தளத்தில் 1968இல் நடந்த பென்ஹாம் நிலத்தடி வெடிப்பின் புளூட்டோனியம் 1.3 கி.மீ. தள்ளி நிலத்தடி நீரில், கூழ்மத் துகள்களோடு சேர்ந்து இருந்ததை 1999இல் வெளியிட்டார்கள். பகிர்வுக் கெழுவின்படி அது அங்கே வந்திருக்கவே கூடாது.

எனவே நீர் மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியோடு நிறுத்தாதீர்கள். பல கூழ்மங்கள் அதன் வழியே போய்விடும், கரைந்தவையாக எண்ணப்படும். அடுத்து சில நானோமீட்டர் துளையுள்ள மீவடிகட்டியில் செலுத்தி, இரண்டு வடிநீரின் வேறுபாட்டைக் கூழ்மப் பங்காக எழுதுங்கள். கால்சியம் லிட்டருக்கு ஒரு மில்லிமோலுக்கு மேல் இருந்தால் பென்டோனைட் (கொள்கலனைச் சுற்றி நிரப்பும் களிமண்) கூழ்மங்கள் திரண்டு படிந்துவிடும், கவலை குறைவு. பனியாறு உருகிய நீர் போல உப்பற்ற நீர் ஆழத்துக்கு வரக்கூடிய இடமானால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே கூழ்மத்தில் ஒட்டிய தனிமம் திரும்பப் பிரிகிறதா என்பதைப் பல மாதச் சோதனையில் பாருங்கள். பிரியாமல் தங்கும் பங்குக்குப் பகிர்வுக் கெழுவையும் உள்விரவலையும் சுழியாக வைத்து, நீரின் வேகத்திலேயே தனியாகக் கணக்கிட்டு, மற்ற விடையோடு கூட்டுங்கள்.